தானறியாச் சிலேடை



‘ஆர் யூ பீயிங் சர்வ்டு?’ 1972 முதல் 1985 வரை பி.பி.சி. ஒளிபரப்பிய நகைச்சுவைத் தொடர். டேவிட் கிராஃப்டுடன் இதை எழுதிய ஜெரமி லாய்டு, லண்டன் பிக்கடிலியில் சிம்ப்சன்ஸ் கடையில் விற்பனையாளராக நின்றவர். அவ்வனுபவமே கிரேஸ் பிரதர்ஸ் என்னும் கற்பனைப் பேரங்காடியாயிற்று.

வாடிக்கையாளர் ஒருவர் வந்தால், வெறிச்சோடிய தளத்திலும் கேப்டன் பீகாக், “ஓய்வாக இருக்கிறீரா?” என்று முறைப்படி வினவுவார். ஹம்ஃப்ரீஸ் இருபுறமும் நோக்கிய பின்னரே விடையிறுப்பார். வேலை குறைந்த இடத்தில் மரபு மட்டும் குறைவதில்லை!

திருமதி ஸ்லோகோம்ப் தம் பூனையைப் பற்றிக் கவலையோடு பேசுவார், அரங்கு அதிரும். பூனைக்கான ஆங்கிலச் செல்லப்பெயருக்கு வேறொரு பொருளும் உண்டு. அதை இம்மேடையில் விளக்கேன். ஆபாசம் என்று ஒதுக்கியோர் பலர். நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். நம் சிலேடைப் புலவர் இரு பொருளையும் அறிந்தே பாடுவார்; தம் திறத்தையும் நாம் காண வேண்டுமென விழைவார். நானும் அவ்வாறே எழுதியிருக்கிறேன். அந்த அம்மையாரோ ஒரு பொருளையே அறிவார். அவராக நடித்த மாலி சக்டனின் முகத்தைப் பாருங்கள்: பூனையைப் பற்றிய கவலையன்றி அதில் வேறெதுவும் இராது.