பறக்கும் தட்டும் பறவையும்

(பழைய மாணவர் சங்க மறுசந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



"மகள் வீட்டுக்கு அமெரிக்கா போன கதையைச் சொல்லு. ஆனா நயாகரா வேண்டாம், அதை ஏற்கெனவே மூணு பேர் சொல்லிட்டாங்க" என்றார் நம் செயலாளர். ஆகவே துப்பாக்கி சுட்ட கதையைச் சொல்கிறேன். அதைத் தேர்ந்தெடுக்க வேறொரு காரணமும் உண்டு. அந்தக் காரணம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறது.

நம் பக்கத்தில் லீவு நாள் துப்பாக்கி என்றால் கடற்கரை பலூன் பலகைதான். ஏர்கன்னும் பத்து ரவையும் கொடுப்பார்கள், குறி தப்பினால் "குழல் வளைஞ்சிருக்கு" என்று சொல்லிக்கொள்ளலாம். அதைத் தாண்டினால் என்.சி.சி. மண்ணில் குப்புறப் படுத்து, பாயிண்ட் இருபத்திரண்டு ரைஃபிளில் அட்டையைச் சுட்டவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர். அட்டை அசையாது. மூச்சை அடக்கி, நிதானமாக விசையை அழுத்தினால் போதும்.

டெக்சாஸில் மகள் இருப்பது சான் அன்டோனியோவில். 'ஸ்போர்ட்டிங் கிளேஸ்' என்ற விளையாட்டின் தேசியச் சங்கத்துக்குத் தலைமையகமே அந்த ஊர்தான். மாப்பிள்ளை, "மாமா, ஒரு நாள் போய்ப் பார்ப்போம்" என்றார். சுற்றுலா விசாவில் போனவன் அங்கே துப்பாக்கியைத் தொட வேண்டுமானால் பெரும்பாலும் வேட்டை உரிமம் கையில் இருக்க வேண்டும். பறவையையே சுடப்போகாத எனக்கு, தட்டு உடைக்க ஒரு வேட்டை உரிமம்! எடுத்துக்கொண்டுதான் போனோம்.

ஓக் மரத் தோப்புக்குள் ஒற்றையடிப் பாதை. அதில் பத்துப் பன்னிரண்டு நிறுத்தங்கள். ஒவ்வொன்றிலும் மறைவான இயந்திரம் ஒன்று தட்டை வீசும். ஒன்று தலைக்கு மேல் போகும், ஒன்று பள்ளத்திலிருந்து எழும்பும். முயல் மாதிரித் தரையில் உருண்டோடும் தட்டும் உண்டு. சில இடங்களில் இரண்டும் ஒன்றாகக் கிளம்பும். சில இடங்களில் முதல் வெடிச் சத்தம் கேட்டதும் இரண்டாவது கிளம்பும். வழக்கமான தட்டு 108 மில்லிமீட்டர் அகலம். பெயர்தான் கிளே, அதாவது களிமண். உண்மையில் அது சுண்ணாம்புக்கல் தூளும் தார் மாதிரியான பிசினும் கலந்து வார்த்தது.

என்.சி.சி. பாடம் இங்கே உதவாது, தலைகீழாக்க வேண்டும். இரண்டு கண்ணும் திறந்திருக்க வேண்டும். குறிமுள்ளைப் பார்க்காமல் தட்டையே பார்க்க வேண்டும். துப்பாக்கியும் நிற்கக்கூடாது. ஒரு கணக்குச் சொல்கிறேன், பௌதிகத் துறைத் தம்பிகள் சரிபார்க்கலாம். முப்பது மீட்டர் தூரத்தில், நொடிக்குப் பதினெட்டு மீட்டர் வேகத்தில் தட்டு குறுக்கே போகிறது. ரவை அங்கே போய்ச் சேர நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகிறது. அதற்குள் தட்டு 1.8 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். ஆக, தட்டு இருக்கிற இடத்தைச் சுட்டால் ஆகாயத்தைத்தான் சுடுவோம். ஓர் ஆள் உயரம் முன்னே தள்ளிச் சுட வேண்டும், சுட்ட பிறகும் குழல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஓடுகிற பஸ்ஸில் தொற்றிப் படித்த நம் செட்டுக்கு இது சீக்கிரம் புரியும்.

இந்தத் தட்டு வந்த கதையும் கேட்கத் தகுந்தது. முன்பு கூண்டிலிருந்து உயிருள்ள புறாக்களைத் திறந்துவிட்டுச் சுடுவார்கள். 1900 பாரிஸ் ஒலிம்பிக்கின்போதுகூட அப்படி நடந்தது. பிறகு கண்ணாடிக் குண்டுகள் வந்தன. 1880இல் சின்சினாட்டியைச் சேர்ந்த ஜார்ஜ் லிகோவ்ஸ்கி சுழன்று பறக்கும் தட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். பையன்கள் தண்ணீர்மேல் சிப்பி ஓடு விட்டு விளையாடியதைப் பார்த்து அந்த யோசனை வந்ததாகச் சொல்வார்கள். பெரிய முதலியார்சாவடிப் பையன்கள் நாங்கள் ஓட்டுச் சில்லு விடாத குட்டையா! காப்புரிமைதான் யாரும் கேட்கவில்லை. தட்டு வந்தும் அதை இன்றும் 'பறவை' என்றுதான் சொல்கிறார்கள்.

இது ராஜாக்கள் விளையாட்டு என்று ஒரு பேச்சு உண்டு. அதில் பாதி உண்மை. பிகானேர் மகாராஜா கர்ணி சிங் ஐந்து ஒலிம்பிக்கில் சுட்டவர், 1962இல் கெய்ரோ உலகப் போட்டியில் வெள்ளி வாங்கியவர். ராணுவ அதிகாரி ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் 2004இல் ஏதென்ஸில் வெள்ளி வாங்கினார். நம் பங்குக்குப் புதுக்கோட்டைத் தொண்டைமான் குடும்பத்துப் பிரித்விராஜ் இருக்கிறார். 2023 அக்டோபரில் ஹாங்சௌ ஆசிய விளையாட்டில் டிராப் பிரிவில் தங்கம் வென்ற மூவர் அணியில் அவர் ஒருவர். 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் சுட்டார். ஆசை இருக்கிற தம்பி தங்கைகள் முறையாக ஒரு ரைஃபிள் கிளப்பில் சேருங்கள். 1959 ஆயுதச் சட்டம் இருக்கிற நாட்டில் போகிற போக்கில் 12 போர் துப்பாக்கியை வாடகைக்கு எடுத்துச் சுட முடியாது. கைச்செலவும் அதிகம் பிடிக்கும், சொல்லிவிட்டேன்.

இனி மூன்றாவது வரிசை. டெக்சாஸ் கதையைக் கேட்டதும் நண்பன் பிடித்துக்கொண்டான். "மச்சான், மரக்காணத்துல உப்பளத்தை ஒட்டிச் சவுக்குத் தோப்பு சும்மா கிடக்கு. ஈ.சி.ஆர். முழுக்க லீவுக்கு வர்ற கூட்டம். உரிமம் எல்லாம் வாங்கி, நம்ம ஊர்லயே இதை ஆரம்பிச்சா என்ன? நீயும் பங்கு போடு." உங்கள் எல்லோர் முன்னாலும் பதில் சொல்கிறேன்: அந்த இடத்தில் வேண்டாம்டா.

ஏன் என்று கேள். விளையாட்டுத் தோட்டா ஒன்றில் சுமார் 28 கிராம் ஈய ரவை. நாளைக்கு இருபது பேர், ஆளுக்கு ஐம்பது தோட்டா என்றால் 28 கிலோ. வருஷத்தில் நூறு நாள் நடந்தால் 2,800 கிலோ. தட்டு உடைந்தாலும் உடையாவிட்டாலும் அவ்வளவும் தரையில்தான் விழும், இருநூறு மீட்டர் வரைகூடச் சிதறும். உன் தோப்புக்கு ஒரு பக்கம் உப்புப் பாத்தி, மறுபக்கம் கழுவெளி. உப்பு நாம் தின்கிற பொருள். கழுவெளியோ எடையந்திட்டுக் கழிமுகம் வழியாகக் கடலோடு சேருகிற ஏரி. 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரப்பு. வாத்து இனங்கள் தீனியை அரைக்கச் சின்னக் கல்லைப் பொறுக்கி விழுங்கும். ஈய ரவையும் அதற்குக் கல் மாதிரிதான் தெரியும். சில ரவை போதும், சாகும். இதனால்தான் அமெரிக்காவில் 1991 முதல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவை கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் ஈரநிலங்களிலும் அவற்றின் ஓரத்திலும் அதைத் தடுத்தது.

"அப்ப எஃகு ரவை போட்டுக்கறேன்" என்றான், நேற்று ராத்திரி சாப்பாட்டின்போது. நியாயமான கேள்வி. ஈயம் ஒழியும், சத்தம் ஒழியுமா? சுற்றுலாக் கூட்டம் வருவது குளிர்காலத்தில். ஊசிவால் வாத்து மங்கோலியா, சைபீரியாப் பக்கமிருந்து வந்து இறங்குவதும் அப்போதுதான். ரெண்டு விருந்தாளிக்கும் ஒரே சீசன்.

கரையை விட்டு உள்ளே, திண்டிவனத்துக்கு மேற்கே, ஏரி இல்லாத மேட்டு நிலமாகப் பார். எஃகு ரவை, பிசின் கலக்காத தட்டு, பின்னால் உயரமான மண் அணை என்று திட்டம் போடு. அப்போது பங்கு கேட்டால் மாட்டேன் என்று சொல்லமாட்டேன். யோசிக்கிறேன் என்று தலையாட்டுகிறான், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். செயலாளர் மணி அடித்துவிட்டார்.