பெட்டியின் வாசம்



முப்பத்தோரு ஆண்டுகள் குன்னூரில் தேயிலை ருசிபார்த்தே காலம் தள்ளியவன் நான். ஒரு காலைக்கு இருநூறு, முந்நூறு கோப்பை. உறிஞ்சு, உருட்டு, துப்பு, விழுங்கக் கூடாது. இப்படிப்பட்டவனைப் போன ஆண்டு என் மருமகன் ஸ்காட்லாந்தில் ஒரு விஸ்கி வடிசாலையைப் பார்க்க அழைத்துப்போனார். பயப்படாதீர்கள், உங்களைக் குடிக்கச் சொல்ல நான் வரவில்லை. மூக்கைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

எடின்பரோவிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம் போனால் கிரீஃப் என்ற சிற்றூர். அதை ஒட்டி, டரட் ஓடைக்கரையில், கிளென்டரட் வடிசாலை. 1763ஐத் தங்கள் பிறந்த ஆண்டாகச் சொல்லிக்கொள்கிறார்கள். இன்றும் இயங்கும் ஸ்காட்லாந்து வடிசாலைகளில் தாங்களே மூத்தவர்கள் என்பது அவர்கள் வாதம். அந்தப் பட்டத்துக்கு வேறு பங்காளிகளும் உண்டு. அந்த வழக்கு நமக்கு வேண்டாம்.

செய்முறையை ஓடிக்கொண்டே சொல்லிவிடுகிறேன். முளைகட்டிய பார்லியை அரைத்து, சுடுநீரில் ஊறவைத்து, இனிப்புச் சாற்றை எடுக்கிறார்கள். இங்கே அதை ஓர் ஆள் நீண்ட மரத்துடுப்பால் கையாலேயே கிளறுகிறார். பிறகு ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்து, செம்பு வாலையில் இரண்டு தடவை வடிக்கிறார்கள். சித்த வைத்தியர் வீட்டில் திராவகம் இறக்கியதைப் பார்த்த பெரியவர்களுக்கு வாலையைத் தெரிந்திருக்கும். அதே வேலைதான், உருவம்தான் ஆள் உயரத்துக்கும் மேலே. வடிந்து வருவது பச்சைத் தண்ணீர் போல நிறமற்றது.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டோம். பீப்பாய்க் கிடங்கு.

கதவைத் திறந்ததும் நான் நின்றுவிட்டேன். ஈரக் கல், பழைய மரம், அதன்மேல் வெனிலாவும் உலர்ந்த திராட்சையும் கலந்த ஒரு வாசம். பிரிட்டன் சட்டப்படி ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது மூன்று ஆண்டு கிடந்தால்தான் அது ஸ்காட்ச் விஸ்கி. பீப்பாய் புதியதாக இருக்க வேண்டியதில்லை. அமெரிக்கர்கள் தங்கள் போர்பனுக்கு உட்புறம் கருக்கிய புதுப் பீப்பாயைத்தான் பயன்படுத்த வேண்டும். பழையது கப்பலேறி இங்கே வந்துவிடும். ஸ்பெயின் நாட்டு ஷெர்ரி ஒயின் ஊறிய பீப்பாயும் வரும். வெனிலா வாசம் ஓக் மரத்திலிருந்தே இறங்குகிறது, திராட்சை வாசம் ஷெர்ரியின் மிச்சம். ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் மரத்தின் வழியே ஆவியாகிப் போய்விடும். அதைத் ‘தேவதைகளின் பங்கு’ என்கிறார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன் என்று கேளுங்கள். ஒரு முறை அருமையான தேயிலை, ஏலக்காய் மூட்டைகள் இருந்த கிடங்கில் இரண்டே வாரம் கிடந்துவிட்டு என் மேசைக்கு வந்தது. ஒரு வாய் உறிஞ்சினேன், பாயசம்! மொத்தச் சரக்கும் தள்ளுபடி. நான் தொழில் கற்கப் போன புதிதில், காலையில் வெங்காய ஊத்தப்பம் தின்றுவிட்டு வந்ததற்காக என் ஆசான் என்னை வாசலிலேயே திருப்பி அனுப்பினார். வேற்று வாசம் ஒட்டாமல் காப்பதே எங்கள் பிழைப்பு. தேயிலைக்குப் பெட்டி வாசம் ஏறினால் குப்பை. இவர்களுக்கோ பெட்டி வாசம்தான் காசு!

பிறகு ருசிபார்க்கும் அறை. துலிப் பூ வடிவக் கண்ணாடிக் கோப்பையில் ஒரு மடக்கு ஊற்றித் தந்தார்கள். பழக்கதோஷம், தேநீரை உறிஞ்சுவது போல ‘சர்ர்’ என்று இழுத்தேன். நாற்பது சதவீதச் சாராயம் தொண்டைக்குள் சாரலாய்ப் போனால் என்ன ஆகும்? ஐந்து நிமிடம் இருமினேன். துப்பும் தொட்டியைத் தேடினேன், கண்ணில் படவில்லை. மருமகன் என்னைத் தெரியாதவர் போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வழிகாட்டிப் பெண் தண்ணீர் தந்துவிட்டுச் சொன்னார்: “அவசரப்படாதீங்க ஐயா. முதல்ல மூக்கு. வாயை லேசாத் திறந்துகிட்டு, கண்ணாடியைக் கிட்ட கொண்டுபோய், உடனே விலக்குங்க.” செய்தேன். காரம் குறைந்து, பின்னால் ஆப்பிள் வந்தது. பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். வாசம் குபீரென்று எழுந்தது. இதற்குக் காரணம் தேடி ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தார் கணினியில் பார்த்து 2017இல் எழுதியிருக்கிறார்கள்: தண்ணீர் சேரச் சேர, புகைவாசம் தரும் குவாயகால் என்ற பொருள் மேற்பரப்புக்கு நகர்கிறதாம். விஸ்கி கலக்கும் நிபுணர்களே சரக்கை இருபது சதவீதத்துக்கு இறக்கி, குடிக்காமல் மோந்துதான் முடிவு சொல்வார்களாம். அட, நம்ம ஜாதி என்று நினைத்துக்கொண்டேன்.

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் வானொலி நிலையத்தார் கை காட்டுகிறார், நேரமாகிவிட்டது. அந்த வடிசாலைப் பூனையின் கதை மட்டும் பாக்கி. டவ்சர் என்று பெயர். 1963இல் பிறந்து 1987 வரை அங்கே பார்லி தின்ன வந்த எலிகளைப் பிடித்தது. 28,899 எலி என்று கின்னஸ் கணக்கு. நாளுக்கு மூன்றுக்கு மேல் வருகிறது, யார் எண்ணினார்களோ! அதற்கு அங்கே வெண்கலச் சிலை உண்டு. அந்தப் பக்கம் போனால் எனக்காக ஒரு தடவை தடவிக்கொடுங்கள். மருமகன் வண்டி ஓட்டியதால் அவர் பங்கைக் குட்டிப் புட்டியில் அடைத்துத் தந்தார்கள். அது இப்போது குன்னூரில் என் அலமாரியில் இருக்கிறது, தேயிலை டப்பாக்களிலிருந்து நாலடி தள்ளி.