பெண்ணையின் தாழ்ந்த அணைக்கட்டுகள்

அணை என்றதும் இரமணாசிரமப் பகுதியில் வாழ்வோர் நெஞ்சில் தோன்றுவது சாத்தனூரே. இந்நகரம் பருகும் நீரிலும் அதற்குப் பங்குண்டு. 1958இல் கட்டி முடிக்கப்பெற்று, 119 அடி வரை நீர் தேக்கும் அப்பேரணையின் புகழ் பரவிய அளவிற்கு, அதே தென்பெண்ணையின் குறுக்கே கீழே கிடக்கும் தாழ்ந்த அணைக்கட்டுகளின் பெயர் பரவவில்லை.

பேரணையின் தொழில் தேக்குதல். அணைக்கட்டின் தொழில் அஃதன்று. ஆற்றின் மட்டத்தைச் சிறிதே உயர்த்தி, கரையோர வாய்க்கால்களின் தலைமதகிற்கு நீரைத் திருப்பி, எஞ்சியதைத் தன்மேல் வழியவிடுவது அது. இங்கிலாந்தின் தேம்சு ஆற்றில் இத்தகைய தடுப்புகள் படகோட்டத்திற்கு வேண்டிய ஆழத்தைக் காக்கின்றன. கோதாவரியில் ஆர்தர் காட்டன் 1852இல் முடித்த தவளேசுவரம் அணைக்கட்டோ, பாசனம், படகு இரண்டிற்கும் பயன்பட்டது. ஆங்கிலப் பொறியாளர் இதற்கென ஆண்ட ‘அனிகட்’ என்னும் சொல், நம் ‘அணைக்கட்டு’ என்பதன் திரிபே. கோடையில் மணலே காட்டும் பெண்ணையில் படகிற்கு இடமில்லை. இங்கே நீர்வழி என்பது வாய்க்கால்தான்.

மலையமான்களின் திருக்கோவலூரில், கபிலர் குன்று நிற்கும் அவ்வூர் ஆற்றில், அணைக்கட்டு ஒன்று பம்பை வாய்க்காலுக்கும் இராகவன் வாய்க்காலுக்கும் நீர் தருகிறது. அவ்வாய்க்கால்கள் ஏரிகளை நிரப்ப, ஏரிகள் வயல்களை நனைக்கின்றன. ஆற்று நீர் ஊருக்குள் வருவது இவ்வளவு தாழ்ந்த ஒரு சுவரை நம்பித்தான்!

அச்சுவரின் நலிவு அதன் காலடியில் இருக்கிறது. வழிந்து விழும் நீர் கீழ்ப்புறத்து மணலை அரிக்கும். அதைத் தாங்கவே கல்தளம் பாவப்படுகிறது. மணல் அள்ளி ஆற்றுப்படுகை தாழ்ந்துவிட்டால் தளத்தின் அடி வெறுமையாகும். பின்னர் ஒரு வெள்ளமே போதும். ஏனாதிமங்கலத்திற்கும் கப்பூருக்கும் இடையே 1949–50 அளவில் எழுந்த எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டு, 2021 நவம்பர் வெள்ளத்தில் உடைந்தது. தளவானூரில் 2020இல் 25 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் கட்டப்பெற்ற தடுப்பணையோ, 2021 சனவரியிலேயே ஒரு பக்கம் பெயர்ந்தது. முன்னது எழுபது ஆண்டுகள் உழைத்தது. பின்னதற்கு ஓராண்டும் நிறையவில்லை.

அணைக்கட்டு உடைந்தால் ஆறு வற்றிவிடுவதில்லை. நீர் ஓடிக்கொண்டே இருக்கும். மட்டம் மட்டும் தாழ்ந்துபோகும். எரளூர், ரெட்டி, ஆழாங்கால் வாய்க்கால்களின் தலைமதகுகள் அந்நீருக்கு எட்டாத உயரத்தில் நின்றன. கண்ணெதிரே வெள்ளம் கடலூர்க் கடலுக்குப் போக, கரையிலுள்ள உழவன் கிணற்று நீருக்கு மோட்டார் போடும் நிலை இதுவே.

2024 திசம்பரில், ஃபெஞ்சல் புயலின்போது, சாத்தனூரிலிருந்து நொடிக்கு ஒன்றரை இலட்சம் கன அடிக்கும் மேற்பட்ட நீர் திறந்துவிடப்பட்டது. பேரணையின் கதவைத் திறப்போர் கையில் ஆணை இருக்கிறது. கீழேயுள்ள அணைக்கட்டிற்கோ வருவதை மறுக்கும் வழி இல்லை. ஆகவே அதன் கல்தளத்தை ஆண்டுதோறும் பார்த்துச் செப்பனிட வேண்டும். ஆறு வறண்டு கிடக்கும் சித்திரை, வைகாசியே அதற்குரிய காலம்.