விபத்துக்குப் பின் நின்றுவிட்ட நோ
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



உங்கள் செயலாளர் என்னைப் பேச அழைத்தபோது, ஏதேனும் சமய விஷயமாகச் சில வார்த்தை சொல்லுமாறுதான் கேட்டார். என் கழுத்தைப் பற்றியும் நாரியைப் பற்றியும் பேசப்போகிறேன் என்றதும் சற்றுத் திகைத்துவிட்டார். இந்தப் பேச்சிலே சமயமும் வரும், அவர் பயப்படவேண்டியதில்லை.

2019ஆம் ஆண்டு ஆனி மாதம். கொழும்பிலிருந்து காரிலே யாழ்ப்பாணம் வந்துகொண்டிருந்தோம். முறிகண்டியில் வண்டியை நிறுத்திப் பிள்ளையாரை வணங்கிவிட்டுப் புறப்படுவது வடக்கே வருவோரின் வழக்கம். நாங்களும் வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டும் வேளையிலே, பின்னால் வந்த வான் ஒன்று எங்கள் காரில் மோதியது. பெரிய மோதல் அல்ல. பின்பக்கத் தகரம் நெளிந்தது. ஒரு விளக்கு உடைந்தது. இறங்கி நின்று இரு பகுதியாரும் பேசித் தீர்த்தோம். காப்பாற்றிய பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம். கச்சானும் வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம். மறுநாட் காலை என்னால் தலையைத் தலையணையிலிருந்து தூக்க முடியவில்லை.

சிறிய மோதலிலே இவ்வளவு நோ எப்படி வந்தது? மனிதத் தலையின் பாரம் ஏறக்குறைய 5 கிலோ. அதைத் தாங்குவன கழுத்திலுள்ள 7 முள்ளென்புகளும், அவற்றைச் சுற்றியுள்ள தசைகளும் நார்களுமே. பின்னாலிருந்து இடிபடும்போது இருக்கையானது முதுகை முன்னே தள்ளுகிறது. தலையோ இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. ஒரு விநாடியின் ஐந்திலொரு பங்குக்குள் கழுத்து பாம்புபோல் வளைந்து மீள்கிறது. தசைகள் இறுகித் தம்மைக் காத்துக்கொள்ள அவகாசமே இல்லை. மேனாட்டார் இதனைச் சவுக்கடிக் காயம் என்பர். கார் இருக்கையின் மேலே தலைதாங்கி வைத்திருப்பது இதற்காகத்தான். அமெரிக்காவிலே 1969 முதல் புதிய கார்களுக்கு அது கட்டாயமாயிற்று. நம்மவர் பலர் அதைப் பிடரிக்குக் கீழே இறக்கிவிட்டு ஓடுகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

எலும்பு முறியாதபடியால் எக்ஸ்றேப் படத்தில் ஒன்றும் தெரியவில்லை. உபத்திரவம் இங்கேதான் ஆரம்பம். முறிந்த காலுக்கு ஊர் இரங்கும். படத்திலே தெரியாத நோவுக்கு யார் இரங்குவார்? முதல் மாதம் எல்லாரும் பார்க்க வந்தார்கள். ஆறாம் மாதம், “இன்னுமா?” என்றார்கள். என் மனைவியின் தம்பி நல்ல பிள்ளை. அவரே ஒருநாள், “அத்தானுக்கு வேலை வரும்போதுதான் நோவும் வரும்” என்று பகிடியாகச் சொன்னார். அன்று கழுத்து நொந்ததைவிட அது கூட நொந்தது.

இந்தச் சந்தேகம் புதிதன்று. இங்கிலாந்திலே ரயில் விபத்துக்களில் அகப்பட்டவர்கள், வெளிக்காயம் ஒன்றும் இல்லாதிருந்தும் மாதக்கணக்காக முதுகு நோவால் வருந்தினார்கள். ஜோன் எரிக் எரிக்சன் என்னும் லண்டன் சத்திர வைத்தியர் 1866இல் அதைப்பற்றித் தம் விரிவுரைகளை நூலாக்கினார். ‘ரயில் முதுகு’ என்றே அதற்குப் பெயர் வந்தது. ரயில்வேக் கம்பனி வைத்தியர் ஒருவர் 1883இல் மறுத்து எழுதியபோது, இவற்றிற் பலவற்றுக்கு அச்சமே காரணம் என்றார். இருவர் பக்கத்திலும் சிறிது உண்மை இருந்தது என்று இன்று எனக்குத் தோன்றுகிறது.

நான் செய்த பிழைகளையும் சொல்லிவிடுகிறேன். கழுத்துப் பட்டியை நாலு மாதம் கழற்றவில்லை. அசையாதிருந்தால் ஆறும் என்று படுக்கையிலே கிடந்தேன். இரண்டும் தவறு. கியூபெக்கிலே நிபுணர் குழு ஒன்று 1995இலேயே, எலும்பு முறிவு இல்லாத இத்தகைய காயத்துக்குப் பட்டியும் நீண்ட ஓய்வும் குணத்தைத் தாமதப்படுத்தும், விரைவில் வழக்கமான அலுவல்களுக்குத் திரும்புவதே நல்லது என்று சொல்லிவிட்டது. மற்றொரு பிழை, நோ குறைந்த நாளிலே உற்சாகம் மேலிட்டுத் தோட்டம் முழுவதையும் கொத்துவது. பிறகு நாலு நாள் பாயிலே கிடப்பது. இப்படி இரண்டு வருஷம் கழிந்தது. எம்.ஆர்.ஐ. படம் எடுத்தபோது நாரியிலே ஒரு டிஸ்க் சற்றுப் பிதுங்கியிருப்பதாக எழுதியிருந்தார்கள். அந்தக் கடதாசியை வாசித்தபின் குனியவே பயந்தேன்.

கடைசியாக ஒரு வைத்தியர் என்னை உட்காரவைத்து அரைமணி நேரம் பேசினார். முதுகு நோவே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 1994இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்றில், எல்லா டிஸ்க்குகளும் பழுதின்றி இருந்தவர்கள் 36 சதவீதத்தினர் மாத்திரமே என்றார். “உமது படத்திலே இருப்பது உமது வயதுக்கு வரும் சுருக்கம் போன்றது, காயம் எப்போதோ ஆறியிருக்கும்” என்றார். “அப்படியானால் என் நோ பொய்யா?” என்று கேட்டேன். அவர் சொன்ன விடையை இன்றும் மறக்கவில்லை. “கள்ளன் வந்துபோன வீட்டு நாய், பிறகு பனையோலை விழுந்தாலும் குரைக்கும். கள்ளன் இல்லை என்பதற்காக, குரைப்புப் பொய் என்று சொல்லலாமா?”

மெல்சாக், வோல் என்னும் இருவர் 1965இல் ஒரு கொள்கையை வெளியிட்டார்கள். உடம்பிலிருந்து செல்லும் நோவுச் செய்தி நேரே மூளைக்குப் போய்விடுவதில்லை; முள்ளந்தண்டிலே ஒரு படலைபோல் தடுப்பு உண்டு; அது திறப்பதும் மூடுவதும் மற்ற உணர்ச்சிகளையும் மனநிலையையும் பொறுத்தது என்பது அதன் சாரம். காலிலே கல் இடித்தால் நாம் உடனே தடவுகிறோம் அல்லவா? தடவுவது படலையைச் சற்றுச் சாத்துகிறது. பயமும் நித்திரையின்மையும் அதை அகலத் திறக்கின்றன. நுணுக்கங்களிலே பின்வந்தோர் பல திருத்தம் செய்திருக்கிறார்கள், அடிப்படை நிற்கிறது.

அந்த வைத்தியர் கேட்ட இரண்டாவது கேள்வி: “நோவால் நீர் இழந்தவற்றுள் எது மிக வருத்துகிறது?” யோசியாமலே சொன்னேன்: “கோயிலிலே விழுந்து கும்பிட முடியவில்லை.” நாவலர் பெருமான் சைவ வினாவிடையிலே, அட்டாங்க நமஸ்காரத்துக்குரிய உறுப்புக்கள் தலை, கை இரண்டு, செவி இரண்டு, மோவாய், புயம் இரண்டு என்று கூறுகிறார். செவி இரண்டு என்பதைச் சிறுவயதிலே மனனம் செய்தேன். அதன் பொருள் கழுத்து நொந்தபின்தான் விளங்கியது. நிலத்திலே கிடந்தபடி ஒரு காதும் மறு காதும் மண்ணிலே படவேண்டுமானால், கழுத்தை இருபுறமும் முழுதாகத் திருப்பவேண்டும். இரண்டு வருஷமாகக் கொடிமரத்துக்குப் பக்கத்திலே ஒதுங்கி நின்று, மற்றவர்கள் எழும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அதையே பயிற்சியாக வைத்துக்கொள்வோம்” என்றார் வைத்தியர். உடலியக்கச் சிகிச்சையாளர் ஒருவர் வழிகாட்டினார். முதலிலே கதிரையில் இருந்தபடி தோளுக்கு மேலாகப் பின்னே பார்ப்பது. காலை ஐந்து, மாலை ஐந்து. நோ குறைந்த நாளிலும் ஐந்து, கூடிய நாளிலும் ஐந்து. கணக்குப்படி கூட்டுவதேயன்றி, நோவைக் கேட்டுக் கூட்டுவதும் குறைப்பதும் இல்லை. பிறகு பாயிலே நெஞ்சுக்குக் கீழே போர்வையை எட்டாக மடித்து வைத்துக் குப்புறக் கிடந்து தலையைத் திருப்புவது. வாரங்கள் செல்ல ஒவ்வொரு மடிப்பாகக் குறைப்பது. இதனோடு நடை: முதலில் சந்திவரை, பின் குளக்கட்டுவரை. இரவிலே சூட்டு ஒத்தடம். நித்திரைக்கு ஒரு நேரம். இதிலே மந்திரம் ஒன்றுமில்லை, அலுப்புத்தான் உண்டு. முதல் மூன்று மாதம் ஒரு மாற்றமும் தெரியவில்லை என்பதையும் மறைக்கமாட்டேன்.

இளைஞர்களுக்குச் சில எச்சரிக்கைகள். கையிலோ காலிலோ விறைப்பும் பெலவீனமும் கூடிவந்தால், நடை தடுமாறினால், மலசலம் கட்டுப்பாட்டில் இல்லாது போனால், தொடையிடுக்கு மரத்தால், நான் சொன்னவை ஒன்றும் பொருந்தா. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். விபத்து நடந்த இடத்திலே கழுத்து நோவென்று சொல்பவரைக் கையில் காலில் பிடித்துத் தூக்கி முச்சக்கரவண்டியில் மடித்து ஏற்றாதீர்கள்; தலையை அசையாமற் பிடித்துக்கொண்டு அம்புலன்சுக்கு 1990ஐ அழையுங்கள். சலூனிலே தலைமயிர் வெட்டியபின் கழுத்தை நெட்டி முறிக்கவும் விடாதீர்கள். அரிதாயினும், மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் கிழிந்து பாரிசவாதம் வரக்கூடும். நோக் குளிசைகளை மாதக்கணக்கில் தாமாக வாங்கி விழுங்குபவர்கள் வயிற்றையும் சிறுநீரகத்தையும் நினைக்கவேண்டும். நம் பரியாரிமாரின் எண்ணெயும் ஒத்தடமும் எனக்குச் சுகம் தந்தன, முறுக்குவதைத்தான் வேண்டாமென்கிறேன்.

நோ போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. மழைக்காலத்து விடியற்காலையிலே வரும்; நீண்ட பஸ் பயணத்துக்குப் பின் வரும். வந்தால், நாய் குரைக்கிறது என்று எண்ணிக்கொண்டு, கிணற்றடிக்குப் போய் அன்றைய வேலையைப் பார்க்கிறேன். மைத்துனரும் இப்போது “இன்னுமா?” என்று கேட்பதில்லை, “இன்று எத்தனை மடிப்பு?” என்று கேட்கிறார்.

சென்ற ஆண்டு எங்கள் ஊர்க் கோயில் தேர்த்திருவிழாவன்று, கொடிமரத்தடியிலே ஆறு வருஷத்துக்குப் பின் விழுந்து கும்பிட்டேன். வலக்காது மண்ணிலே பட்டது. இடக்காதுக்கும் மண்ணுக்கும் இடையே இன்னும் இரண்டு விரற்கடை இருக்கிறது. எழும்பும்போது மைத்துனர் கைகொடுத்தார். நானும் வேண்டாமென்று சொல்லவில்லை.