கையுறைக்கு வல்லாரை ஈடாகாது

(பளையில் தென்னந்தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன கூட்டத்தில் பலரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள். தோல் கடிக்கும் படைக்கும் வல்லாரையில் செய்த ஹோமியோபதி மருந்து இருக்கிறதாமே, வாங்கிக் குடிக்கலாமா என்று. இன்று அதைப் பேசுவோம்.

வல்லாரை நமக்குப் புதிதல்ல. திருநெல்வேலிச் சந்தையில் பிடி பிடியாகக் கட்டி வைத்திருப்பார்கள். தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய்ப்புளி சேர்த்துச் சம்பல் போடுவோம். சிங்களச் சகோதரர்கள் கொட்டுக்கொல என்பார்கள். நமது பரியாரிமார் தலைமுறை தலைமுறையாக அதைத் தோல்நோய்க்குக் கொடுத்து வந்திருக்கிறார்கள்.

வெளிநாட்டு வைத்தியர்களும் அதைக் கவனித்தார்கள். 1850களில் மொரிசியஸ் தீவில் பொய்லோ என்ற வைத்தியர் தொழுநோய்க்கு வல்லாரையைக் கொடுத்துப் பார்த்தார். நமது முன்னோரைப் போலவே கப்பலேற்றிக் கொண்டுபோகப்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் கரும்புத் தோட்டங்களில் உழைத்த தீவு அது. 1868இல் வெளியான இந்திய மருந்து நூலிலும் வல்லாரை இடம்பெற்றது. ஹோமியோபதிக்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள். அவர்களின் போத்தலில் எழுதியிருக்கும் 'ஹைட்ரோகோட்டைல்' என்பது வல்லாரையின் பழைய தாவரவியல் பெயர்தான். தோல் தடித்துச் செதில் உதிர்வதற்கு அதைக் கொடுப்பார்கள்.

1940களில் மடகஸ்காரில் ஆய்வாளர்கள் இந்த இலையிலிருந்து 'ஏசியாட்டிகோசைட்' என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அது சேர்ந்த களிம்பு புண் ஆறுவதற்குப் பல நாடுகளில் விற்பனையாகிறது. ஆகவே இலையில் சரக்கு இருக்கிறது.

ஆனால் இலை வேறு, அந்தச் சின்ன உருண்டைக் குளிசை வேறு. '30சி' என்று போட்டிருந்தால் என்ன பொருள்? ஒரு துளிச் சாற்றை 99 துளி மதுசாரத்தில் கலப்பார்கள். அதில் ஒரு துளியை எடுத்து மறுபடியும் 99 துளியில் கலப்பார்கள். இப்படி 30 தரம். 12 தரம் தாண்டினாலே வல்லாரையின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சுவது அரிது. 2015இல் அவுஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆய்வுச் சபை கிடைத்த ஆய்வுகளையெல்லாம் அலசிவிட்டு, ஹோமியோபதி எந்த நோயையும் குணமாக்குவதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று சொன்னது. நமது நாட்டில் 1970ஆம் ஆண்டிலிருந்து ஹோமியோபதிக்குச் சட்டம் உண்டு. சட்டம் இருப்பதால் மட்டும் நோய் மாறிவிடாது.

வெறும் கடியென்றால் காசோடு போய்விடும். ஆனால் தோலில் வெளிறிய அல்லது சிவந்த ஒரு படை வந்து, அந்த இடத்தில் தொட்டால் தெரியவில்லை, சூடு தெரியவில்லை என்றால், அது தொழுநோயாக இருக்கலாம். அது பாவமுமல்ல, பரம்பரையுமல்ல. கிருமியால் வருவது என்று 1873இலேயே ஹான்சன் கண்டுபிடித்துவிட்டார். இன்று அதற்குக் கூட்டு மருந்து இருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம். 6 மாதமோ 12 மாதமோ ஒழுங்காக எடுத்தால் முற்றாக மாறும். பிந்தினால் நரம்பு பழுதாகும், விரல் மடங்கும். நாட்பட்டுப் பழுதான நரம்பை மருந்தாலும் பெரும்பாலும் திருப்ப முடியாது. கையில் உணர்ச்சி இல்லாதவர் அலவாங்கில் எப்படித் தேங்காய் உரிப்பார்? வேலை போய்விடுமோ என்று சட்டைக் கைக்குள் படையை மறைத்துக்கொண்டு உருண்டைக் குளிசை போடுவதுதான் மிகப் பெரிய ஆபத்து. மறைக்க வேண்டாம். தனியே போகத் தயக்கமென்றால் சங்கத்தில் ஒருவர் கூடவே வருவார்.

சிரங்கும் அப்படித்தான். பிள்ளைக்கு மட்டும் மருந்து பூசினால் போதாது. வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் பூச வேண்டும், உடுப்பையும் பாயையும் துவைத்து வெயிலில் போட வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைக்கு வந்தால் பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கும் வருவதை நாம் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறோம்.

இனி முக்கியமான விடயத்துக்கு வருவோம். நமது கைகளில் வரும் எரிவும் வெடிப்பும் பெரும்பாலும் எங்கிருந்து வருகின்றன? வெறுங்கையால் பசளை போடுகிறோம். களைநாசினி கலக்கிறோம். நனைந்த உடுப்போடு மாலைவரை நிற்கிறோம். இரவில் எந்தக் களிம்பைப் பூசினாலும் காலையில் அதே மருந்துக்குள் கையை விட்டால் புண் எப்படி ஆறும்? நோயின் காரணம் தோட்டத்தில் இருக்க, செலவு மட்டும் நமது மடியிலிருந்து போகிறது.

ஆகவே நமது கோரிக்கைகள் இவை. மருந்தடிப்பவருக்கும் பசளை போடுபவருக்கும் கையுறையும் சப்பாத்தும் நிர்வாகம் தர வேண்டும். வேலைத்தலத்தில் கை கழுவத் தண்ணீரும் சவர்க்காரமும் இருக்க வேண்டும். கிளினிக் போகும் நாளுக்குச் சம்பளம் வெட்டக் கூடாது. கையில் காயமோ எரிவோ வந்தால் அன்றைக்கே நமது தோட்டக் கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள். திகதியோடு எழுதி வைப்போம். எழுதி வைத்த கணக்கோடு போனால்தான் பேச்சுவார்த்தையில் நமது சொல் எடுபடும்.

வல்லாரைச் சம்பலை விட வேண்டாம். வாய்க்கால் ஓரத்தில் வளரும் கீரை, நன்றாகக் கழுவிச் சாப்பிடுங்கள். ஆனால் தோலைக் காப்பதற்குக் கையுறையைக் கேளுங்கள், உணர்ச்சியற்ற படைக்கு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.