தொப்புள்கொடி இரத்தமும் தவணைச் சீட்டும்

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



பிள்ளை பிறந்ததும் தொப்புள்கொடியை அறுக்கிறார்கள். கொடியிலும் நஞ்சிலும் கொஞ்சம் இரத்தம் தங்கிவிடுகிறது. ஒரு தேநீர் கிளாஸ் அளவுதான் இருக்கும். முன்பெல்லாம் அது குப்பைக்குப் போயிற்று. இன்று அதற்குப் பேரம் பேச ஆள் வருகிறான். "உங்கள் குழந்தையின் இரத்தத்தை உறைய வைத்துக் காப்போம், நாளைக்குப் பெரிய வியாதி வந்தால் அதுவே மருந்து, பணத்தைத் தவணையில் கட்டலாம்" என்கிறான். பிரசவத்துக்குப் போன நம் பெண்கள் சிலர் இந்த நோட்டீசைக் கொண்டுவந்து காட்டி, "அண்ணே, கடன் வாங்கியாவது கட்டிவிடலாமா?" என்று கேட்டார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லவே இந்தப் பேச்சு.

இந்த இரத்தத்தில் மருந்து இருப்பது உண்மை. அதை நாம் மறுக்கவில்லை. நம் எலும்பு மஜ்ஜையில் ஸ்டெம் செல் என்ற அணுக்கள் இருக்கின்றன. விதைநெல் போன்றவை, அவற்றிலிருந்துதான் இரத்தம் முழுவதும் விளைகிறது. அதே விதை தொப்புள்கொடி இரத்தத்திலும் இருக்கிறது. 1988-ல் பாரிஸ் நகரத்து செயின்ட் லூயி ஆஸ்பத்திரியில் எலியான் குளூக்மான் என்ற பெண் டாக்டரும் அவருடைய தோழர்களும், பரம்பரை இரத்த வியாதியால் வாடிய 5 வயது அமெரிக்கச் சிறுவனுக்கு இந்த இரத்தத்தை ஏற்றினார்கள். அமெரிக்காவில் எடுத்து, உறைய வைத்து, விமானத்தில் கொண்டுவந்த இரத்தம் அது. பையன் பிழைத்தான். உலகத்திலேயே அதுதான் முதல் தடவை. அதன் பிறகு 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு இப்படி ஏற்றியிருக்கிறார்கள்.

ஆனால், தோழர்களே, அந்தப் பையனுக்கு ஏற்றியது யாருடைய இரத்தம்? அவனுடையதா? இல்லை, அப்போதுதான் பிறந்த அவன் தங்கையின் இரத்தம்! நோட்டீஸ் அடிப்பவன் இதைத்தான் விழுங்கிவிடுகிறான்.

கரிப்பூட்டை பிடித்த சோளக் கதிரை நாம் விதைக்கு எடுப்போமா? எடுக்கமாட்டோம். தலசீமியா போன்ற பரம்பரை வியாதியோடு பிறந்த குழந்தையின் சொந்த இரத்தத்திலும் அதே வியாதி இருக்கிறது. இரத்தப் புற்றுநோயிலும் நோயின் வித்து பல சமயம் பிறக்கும்போதே கொடி இரத்தத்தில் கலந்திருக்கிறது. தன் விதையைத் தனக்கே திருப்பிப் போட்டால் வியாதியும் கூடவே முளைக்கும். பிள்ளை வளர்ந்து ஆளாகிவிட்டாலோ, அந்தக் கிளாஸ் இரத்தம் பெரிய உடம்புக்குப் பெரும்பாலும் போதாது.

2007-ல் அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம் சொன்ன கணக்கைப் பாருங்கள். சேமித்த குழந்தைக்கே அந்த இரத்தம் பயன்பட ஆயிரத்தில் ஒன்று முதல் 2 லட்சத்தில் ஒன்று வரையில்தான் வாய்ப்பு. நமது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும், பின்னால் தனக்கே பயன்படும் என்று சேமித்து வைப்பதற்கு விஞ்ஞான ஆதாரம் இல்லை என்று 2017-ல் எழுதிவிட்டது. பிரான்சிலும் இத்தாலியிலும் இப்படிப்பட்ட தனியார் பெட்டகம் நடத்த அனுமதியே கிடையாது. இப்போது சில கம்பெனிகள், "எங்கள் வாடிக்கையாளர் இரத்தமெல்லாம் ஒரே தொகுப்பு, ஒருவர் மற்றவருடையதை எடுத்துக்கொள்ளலாம்" என்கின்றன. தன் இரத்தம் தனக்குப் போதாது என்று அவர்களே ஒப்புக்கொண்டதாகத்தானே அர்த்தம்? பணம் கட்டாதவன் பிள்ளைக்கு அந்தத் தொகுப்பில் இடமில்லை.

பொது வங்கி வேறு விதம். யாரும் காசு வாங்காமல் கொடுக்கலாம். யாருக்குப் பொருந்துகிறதோ அந்த நோயாளிக்குப் போகும். நியூயார்க்கில் 1990-களின் தொடக்கத்திலேயே இதை ஆரம்பித்துவிட்டார்கள். நம் நாட்டில் இது மிகக் குறைவு. சர்க்கார் செய்யவேண்டிய வேலை இது.

நம் தாய்மார்கள் கவனிக்கவேண்டிய விஷயம் இன்னொன்று உண்டு. பிள்ளை வெளியே வந்தவுடன் கொடியை இறுக்கக் கூடாது. 1 முதல் 3 நிமிடம் பொறுக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த நிமிடங்களில் நஞ்சிலுள்ள இரத்தம் பிள்ளைக்குள் இறங்குகிறது. அதிலுள்ள இரும்புச் சத்து மாதக் கணக்கில் பிள்ளையைச் சோகையிலிருந்து காக்கும். 2019–21 குடும்ப நலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 67 பேருக்குச் சோகை! கம்பெனிக்காரனின் பை நிரம்பவேண்டுமானால் கொடியைச் சீக்கிரம் இறுக்கவேண்டும். பொறுத்தால் பைக்குக் குறையும். அந்த இரத்தம் யாருக்குச் சேரவேண்டியது? பையில் போடுவதற்கு முன் பிள்ளைக்குக் கொடுங்கள் என்கிறோம். பிள்ளைக்கோ தாய்க்கோ ஆபத்து என்று டாக்டர் உடனே அறுத்தால், அது வேறு. அப்போது குறுக்கே நிற்காதீர்கள்.

உலர்ந்த கொடியைத் தாயத்தில் அடைத்து இடுப்பில் கட்டுவது நம் வழக்கம். "உங்கள் பாட்டன்மாருக்கே இது தெரியும்" என்று அதையும் காட்டி வியாபாரம் செய்கிறார்கள். காய்ந்த கொடியில் உயிருள்ள அணு ஒன்றும் மிஞ்சாது. பாட்டி ஆசையாகக் கட்டினால் கட்டட்டும், காசு செலவில்லை.

மூத்த பிள்ளைக்கு ஏற்கெனவே தலசீமியா போன்ற வியாதி இருந்தால் மட்டும் விஷயம் வேறு. அடுத்த பிள்ளையின் கொடி இரத்தம் அதற்கு உதவக்கூடும். கர்ப்பமாக இருக்கும்போதே இரத்த வியாதி டாக்டரிடம் கேளுங்கள்.

மற்றவர்கள் கடன் வாங்காதீர்கள். முத்துலெட்சுமி ரெட்டி திட்டத்தில் பணமும் சத்துணவுப் பெட்டகமுமாகச் சேர்த்துக் கிடைப்பது 18,000 ரூபாய். அது தாய் சாப்பிடுவதற்கு வந்த பணம். தவணைக்குப் போகக் கூடாது. வலி எடுத்த நேரத்தில் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டவர்கள் அந்தக் காகிதத்தோடு ஞாயிற்றுக்கிழமை காலை சங்க ஆபீசுக்கு வாருங்கள். எழுதியிருப்பதை வரிக்கு வரி படித்துச் சொல்கிறோம்.