மந்தம் தீர மருந்து செலவே!

(‘பொருளாதார மந்தம் தீர வழி சிக்கனமா? செலவா?’ என்ற தலைப்பில் நடந்த பட்டிமன்றத்தில், ‘செலவே’ அணியின் இரண்டாவது பேச்சு)



எனக்கு முன்னால பேசின எதிரணித் தலைவர், “வரவு குறைஞ்சா செலவைக் குறைக்கணும். இது எங்க பாட்டிக்கே தெரியும்” அப்படின்னாரு. எல்லாரும் கைதட்டுனீங்க. நானும் தட்டினேன். கைதட்டுறதுக்குக் காசா பணமா? (சிரிப்பு) ஆனா தட்டும்போது அவர் சட்டையைப் பார்த்தேன் அய்யா. மடிப்புக் கலையாத இஸ்திரி! கத்தி மாதிரி நிக்குது. சிக்கனத்தைப் பத்திப் பேச வர்ற அன்னைக்குக்கூட இஸ்திரிக்காரருக்குக் காசு கொடுத்துட்டுத்தான் வந்திருக்காரு. (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

சிரிச்சாச்சு. இனி விஷயத்துக்கு வர்றேன். என்னுடைய வழக்கே ஒரு இஸ்திரி வண்டியிலதான் இருக்கு.

நான் திருப்பூர்க்காரிங்க. எங்க வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில சூப்பர்வைசர். நான் வீட்டுலயே பிள்ளைங்களுக்கு டியூஷன் எடுப்பேன். 2008 செப்டம்பர் 15-ந் தேதி, அமெரிக்காவுல லேமன் பிரதர்ஸ்னு ஒரு பெரிய முதலீட்டு வங்கி மஞ்சக் கடுதாசி கொடுத்துச்சு. அந்தப் பேரை அதுக்கு முன்னாடி எங்க தெருவுல ஒருத்தருக்கும் தெரியாது. ஆனா அமெரிக்காக்காரன் பனியன் வாங்குறதைக் குறைச்சதும், திருப்பூர்ல ஆர்டர் குறைஞ்சுது. ஓவர்டைம் நின்னுச்சு. எங்க வீட்டுல பாதிச் சம்பளம்.

உடனே நான் என்ன பண்ணினேன்? எதிரணித் தலைவரோட பாட்டி சொன்னதைத்தான் பண்ணினேன். பேப்பரை எடுத்து எந்தெந்தச் செலவை நிறுத்தலாம்னு கணக்குப் போட்டேன். முதல்ல மாட்டினது இஸ்திரி. மாசம் 160 ரூபா. தெருமுனை வேப்பமரத்தடியில வண்டி வெச்சிருந்த அண்ணன்கிட்ட, “இனிமே நானே போட்டுக்கறேங்கண்ணா”ன்னு சொன்னேன். “பரவால்லீங்க டீச்சர்”னாரு. நான் ஒருத்திதான் புத்திசாலின்னு நினைச்சேன். எங்க தெருவுல பதினொரு வீடும் அதே மாசம் அதே புத்திசாலித்தனத்தைப் பண்ணியிருக்கு! (சிரிப்பு)

அடுத்த மாசம் அவர் பொண்ணு என் வாசல்ல வந்து நின்னுச்சு. பத்தாவது படிக்கிற பிள்ளை. என்கிட்ட 150 ரூபாக்கு டியூஷன் படிச்சுக்கிட்டிருந்தது. “டீச்சர், அடுத்த மாசத்துல இருந்து நான் வரலைங்க. அப்பா நிறுத்திக்கச் சொல்லிட்டாருங்க.”

கணக்கைப் பாருங்கய்யா! நான் மிச்சம் பிடிச்சது 160. என் வரவுல போனது 150. ஆக எனக்கு லாபம் பத்து ரூபா. அந்தப் பத்து ரூபாய்க்காக ஒரு பிள்ளையோட பத்தாம் வகுப்பு அந்தரத்துல நிக்குது! (அரங்கில் அமைதி)

“காசு வேண்டாம் கண்ணு, சும்மா வந்து படி”ன்னேன். அந்தப் பிள்ளை தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொல்லுச்சு: “சும்மா படிக்க அப்பா விடமாட்டாருங்க டீச்சர்.”

மறுநாள் காலையில ஒரு மூட்டை துணியை நானே தூக்கிட்டுப் போய் அந்த வண்டி மேல வெச்சேன். சாயந்திரம் அந்தப் பிள்ளை புத்தகப் பையோட வந்து உட்கார்ந்துச்சு. (நீண்ட கைதட்டல்)

நடுவர்: நீங்க கெடுத்ததை நீங்களே சரி பண்ணீட்டீங்கன்னு சொல்லுங்க!

ஆமாங்கய்யா, ஒத்துக்கறேன். அன்னைக்குத்தான் எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. என் செலவு அவருக்கு வரவு. அவர் செலவு எனக்கு வரவு. நல்ல காலத்துல ஒரு வீடு சிக்கனமா இருந்தா அந்த வீட்டுக்கு நல்லது. மந்த காலத்துல எல்லா வீடும் ஒரே நேரத்துல கையை மூடிக்கிட்டா, எல்லாக் கையும் காலி! இதைத்தான் ஜான் மேனார்டு கெய்ன்ஸ்ங்கிற இங்கிலாந்துப் பொருளாதார மேதை 1936-ல ஒரு பெரிய புத்தகமா எழுதினாரு. எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை.

சரி, நான் துணி போட்டேன். ஆனா பாதிச் சம்பளத்துல எத்தனை மாசம் போட முடியும்? ஊர்ல எல்லாக் கையும் மூடியிருக்கும்போது, திறக்கக்கூடிய கை ஒண்ணுதான். அது அரசாங்கத்தோட கை. “அரசாங்கமும் ஒரு குடும்பம்தானே, அதுவும் வயித்தைக் கட்ட வேண்டாமா?”ன்னு எதிரணி கேட்டாங்க. குடும்பத்துல செலவு பண்ணின காசு வாசலைத் தாண்டிப் போயிடும். அரசாங்கம் ரோடு போட்டுக் கூலி கொடுத்தா, அந்தக் காசு மளிகைக் கடைக்குப் போகும், இஸ்திரி வண்டிக்குப் போகும், வரியாக் கொஞ்சம் கஜானாவுக்கே திரும்பி வரும்!

சரித்திரத்தைப் பாருங்க. 1929-ல அமெரிக்கப் பங்குச் சந்தை விழுந்துச்சு. 1932-ல, வரவு செலவைச் சரிக்கட்டணும்னு வரியை ஏத்துனாங்க. 1933-ல நாலு பேருக்கு ஒருத்தர் வேலையில்லாம நின்னாங்க. அந்த வருஷம் பதவிக்கு வந்த ரூஸ்வெல்ட், வேலையில்லாத இளைஞர்களைக் கூட்டி மரம் நடச் சொன்னாரு. மாசம் 30 டாலர் சம்பளம். அதுல 25 டாலர் நேரா வீட்டுக்குப் போயிடும். பையன் கையில கொடுத்தா என்ன ஆகும்னு அவருக்கும் தெரிஞ்சிருக்கு! (சிரிப்பு) அந்தத் திட்டத்துல நட்ட மரங்கள் சுமார் 300 கோடி. நல்லாக் கவனிங்க. தர்மம் கொடுக்கலை, வேலை கொடுத்தாரு. இஸ்திரிக்கார அண்ணன் கேட்டதும் அதைத்தானே! அதே ரூஸ்வெல்ட் 1937-ல, எல்லாம் சரியாப் போச்சுன்னு செலவை இறுக்கினாரு. மறுபடியும் மந்தம் வந்துச்சு. நோய் முழுசாத் தீருமுன்னே மருந்தை நிறுத்தின கதை!

அமெரிக்கா தூரம்னா நம்ம ஊருக்கே வாங்க. அதே மந்த காலத்துல நெல்லு விலை, பருத்தி விலை எல்லாம் விழுந்து விவசாயி கடன்ல தவிச்சாரு. மலேயா ரப்பர் தோட்டங்கள்ல இருந்து நம்ம ஜனங்களைக் கப்பல் கப்பலாத் திருப்பி அனுப்பினாங்க. அந்த நேரத்துல, 1925-ல ஆரம்பிச்ச மேட்டூர் அணை வேலை நடந்துக்கிட்டிருந்தது. மந்தத்துக்காகத் தொடங்கின வேலை இல்லை. ஆனா மந்தம் வந்துடுச்சேன்னு அதை நிறுத்தலை. 1934-ல முடிச்சாங்க. நீலகிரியில பைக்காரா மின்சாரம் 1932-ல வந்துச்சு. அந்த மலிவான மின்சாரத்தை நம்பித்தான், உலகமே படுத்துக் கிடந்த 1930-கள்ல, கோயம்புத்தூர்ல புதுசு புதுசா நூற்பாலைகள் எழுந்து நின்னுச்சு. செலவுன்னு சொல்லி அன்னைக்கு நிறுத்தியிருந்தா? (கைதட்டல்)

எதிரணியில ஒரு நியாயம் இருக்கு, மறைக்க மாட்டேன். “கடன் வாங்கிக் கண்டபடி செலவு பண்ணினதாலதானே 2008 வந்துச்சு?”ன்னு கேட்டாங்க. உண்மைதான். திருப்பிக் கட்ட முடியாதவங்களுக்கெல்லாம் வீட்டுக் கடனை அள்ளிக் கொடுத்தது பேராசை. அதுதான் காரணம். ஆனா காரணம் வேற, மருந்து வேறங்க! அடுப்புல அஜாக்கிரதையா இருந்ததால கூரை பத்திக்கிச்சு. ஆனா எரியிற நேரத்துல, “தண்ணியைச் சிக்கனமா ஊத்துங்க”ன்னு சொல்லலாமா? (சிரிப்பு, கைதட்டல்)

2008 டிசம்பர்ல நம்ம மத்திய அரசு கலால் வரியை 4 சதவீதம் குறைச்சுது. ரிசர்வ் வங்கி 9 சதவீதமா இருந்த ரெப்போ வட்டியை, 2009 ஏப்ரலுக்குள்ள 4.75-க்குக் கொண்டு வந்துச்சு. கிராமப்புற வேலை உறுதித் திட்டம் அந்த வருஷந்தான் நாடு முழுக்க விரிஞ்சுது. மூடின கைகள் மெல்லத் திறந்துச்சு. பின்னாடி விலைவாசி ஏறினதும் உண்மை. தீ அணைஞ்ச பிறகும் குழாயை மூட மறந்தா வீட்டுக்குள்ள வெள்ளந்தான்! எந்த நேரத்துல நிறுத்தணும்னும் தெரியணும்.

(மணி ஒலிக்கிறது)

மணியடிச்சுட்டீங்க அய்யா, முடிச்சுடறேன். சிக்கனம் கெட்டதுன்னு நான் சொல்ல வரலை. அதுக்கு ஒரு காலம் இருக்கு. விளைஞ்ச வருஷத்துல குதிர்ல கொட்டி வைங்க. ஆனா பஞ்சம் வந்த வருஷத்துல, “குதிரைத் தொடாதே”ன்னு சொல்றவர் சிக்கனக்காரர் இல்லை, கல்நெஞ்சக்காரர்! குதிர் எதுக்காக இருக்கு? அந்த நாளுக்காகத்தானே!

வீட்டுக்குப் போற நம்ம எதிரணித் தலைவருக்கும் ஒரு வேண்டுகோள். நாளைக்குக் காலையில சிக்கனம்னு சொல்லி அந்தச் சட்டையை நீங்களே தேய்க்காதீங்க. அந்த இஸ்திரி வண்டிக்குப் பின்னாலயும் ஒரு பிள்ளையோட புத்தகப் பை இருக்கும்.

அதனாலே, மந்தம் தீர வழி செலவே, அதுவும் வேலை கொடுக்கின்ற செலவே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். (பலத்த கைதட்டல்)